அழாத பிள்ளை: ஒரு குட்டைமுடிப் பூனையின் வரலாறு

பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டை ஆண்டு 950-ஐ ஒட்டி மறைந்த ஹவெல் தா என்னும் அரசனின் பெயரால் ஒரு சட்டத் தொகுப்பு வழங்குகிறது. நமக்குக் கிடைக்கும் ஏட்டுப் பிரதிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குபவை. அதில் பூனைக்கும் விலை குறிக்கப்பட்டிருக்கிறது. கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்தபின் எலி பிடிக்கத் தொடங்கும்வரை இரண்டு பென்னி. எலியைக் கொன்று காட்டிவிட்டால் நான்கு பென்னி. விற்கப்படும் பூனைக்குக் காது கேட்கவேண்டும், கண் தெரியவேண்டும், நகங்கள் முழுமையாக இருக்கவேண்டும், பெண்பூனையானால் தன் குட்டிகளைத் தின்றுவிடாமல் வளர்க்கவேண்டும். இவற்றில் குறை கண்டால் வாங்கியவன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம்.

அரசனின் களஞ்சியத்துப் பூனையைக் கொன்றவனுக்கு விதிக்கப்பட்ட தண்டம் இன்னும் சுவையானது. இறந்த பூனையை வாலைப் பிடித்துத் தலைகீழாக, மூக்கு தரையைத் தொடும்படி தொங்கவிட வேண்டும். வாலின் நுனி மறையும்வரை அதன்மேல் தானியத்தைக் கொட்ட வேண்டும். அந்தக் குவியல்தான் தண்டம். பூனை உயிரோடிருந்திருந்தால் எலிவாயிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடிய தானியத்தின் அளவு அது என்று அந்தக் காலத்து மனிதர்கள் கருதினார்கள் போலும்.

இந்தச் சட்டத்தில் பூனையின் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. முகம் வட்டமா நீளமா, கண் பொன்னிறமா பச்சையா என்ற கேள்வி இல்லை. தாய் தந்தை யார் என்று யாரும் கேட்கவில்லை. பூனையின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருந்தது. இன்று உலகெங்கும் குடும்பப் பூனையாகக் கொண்டாடப்படும் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் என்ற குட்டைமுடிப் பூனையின் மூதாதையர் இந்த நான்கு பென்னிப் பூனைகளே. அவை எப்படி வம்சாவளிச் சான்றிதழும் கோப்பையும் கொண்ட பூனைகளாயின, அந்த மாற்றத்தில் எதைப் பெற்று எதை இழந்தன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதை அறியாமல் அந்தப் பூனையைச் சரியாக வளர்க்க முடியாது என்பது என் எண்ணம்.

*

பூனைக்கும் மனிதனுக்குமான உறவு வேளாண்மை அளவுக்குப் பழையது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னுமிடத்தில் ஒரு மனிதனின் புதைகுழி அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். அதன் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். சைப்ரஸில் காட்டுப்பூனை இயற்கையாக இருந்ததில்லை. யாரோ அதைப் படகில் கொண்டுவந்திருக்க வேண்டும். 2007-ல் வெளியான மரபணு ஆய்வொன்று, உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று காட்டியது. தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வந்தது; எலி வந்த இடத்துக்குப் பூனை வந்தது. நாயைப் போல மனிதன் பூனையைத் தேடிப் போய்ப் பழக்கவில்லை. அது தானாக வந்து தங்கியது.

பிரிட்டனில் பூனை பரவியதில் ரோமானியருக்குப் பெரும் பங்குண்டு. குளஸ்டர் நகரில் 1969-ல் தோண்டியெடுக்கப்பட்ட ரோமானியர் காலக் கூரை ஓடு ஒன்றில், பல ஆண்டுகள் கழித்து, ஒரு பூனையின் பாதச்சுவடு கண்டறியப்பட்டது. சூளைக்குப் போகுமுன் வெயிலில் காயவைத்த ஈர ஓட்டின்மேல் ஏதோ ஒரு பூனை அலட்சியமாக நடந்து போயிருக்கிறது. பேரரசு போய்விட்டது, சுவடு நிற்கிறது.

ரோமானியர் போனபின்னும் பூனை போகவில்லை. களஞ்சியங்களிலும் மடாலயங்களிலும் அதற்கு வேலை இருந்தது. எக்ஸிடர் பேராலயத்தின் கணக்கேடுகளில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று காலாண்டுக்கு 13 பென்னி, அதாவது வாரம் ஒரு பென்னி, செலவு எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள வானியல் கடிகாரத்தின் கயிறுகளில் பூசிய விலங்குக் கொழுப்பைத் தேடி எலிகள் வந்தனவாம். 1598-ல் வில்லியம் காட்டன் என்ற ஆயர், அந்தக் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் பூனை போய்வர ஒரு வட்டத் துளை போடுவதற்குத் தச்சர்களுக்கு 8 பென்னி கொடுத்திருக்கிறார். அந்தத் துளையை இப்போதும் காணலாம். ஈரமும் குளிரும் மிகுந்த அத்தீவில் பல நூற்றாண்டுகள் வேலை பார்த்த இந்தப் பூனைகளுக்குத் தடித்த உடல், குட்டைக் கால்கள், மழைநீர் எளிதில் ஊடுருவாத அடர்த்தியான குட்டை மயிர் ஆகியவை அமைந்தன. எந்தப் பூனையை எந்தப் பூனையோடு சேர்ப்பது என்று யாரும் திட்டமிடவில்லை. வாழ்க்கையே தேர்ந்தெடுத்தது.

*

1871 ஜூலை 13 அன்று லண்டன் படிகமாளிகையில் நடந்த பூனைக் கண்காட்சியிலிருந்து நவீனப் பூனை வரலாறு தொடங்குகிறது எனலாம். அதற்கு முன்பும் சந்தைகளில் சிறுசிறு பூனைப் போட்டிகள் நடந்ததுண்டு. ஆனால் வகை பிரித்து, தகுதிகளை எழுதிவைத்து, நடுவர்களை அமர்த்தி நடந்த முதல் பெரிய கண்காட்சி இதுதான். இதை நடத்தியவர் ஹாரிசன் வெயர் (1824–1906). விலங்குகளையும் பறவைகளையும் வரைவதில் பேர்பெற்ற ஓவியர் இவர். அவரும் அவர் சகோதரர் ஜான் ஜென்னர் வெயரும் மெக்டோனா என்ற பாதிரியாரும் நடுவர்கள். ஏறக்குறைய 170 பூனைகள் வந்திருந்தன. ஹாரிசன் வெயரின் பதினான்கு வயதுப் பூனையும் பரிசு பெற்றது. நடுவரின் பூனைக்கே பரிசா என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கண்காட்சிக்குப் போகும் வழியெல்லாம் தமக்கிருந்த பதற்றத்தை வெயர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கூண்டுக்குள் அடைபட்ட பூனைகள் கத்திக் கூச்சலிடுமோ, முரண்டு பிடிக்குமோ என்று அவர் அஞ்சினார். போய்ப் பார்த்தால் அவை சிவப்பு மெத்தைகளின்மேல் சாய்ந்து, வைத்த பாலை நக்கிக்கொண்டு, அமைதியாக இருந்தனவாம்.

வெயரின் நோக்கம் உயர்ந்தது. அக்கால இங்கிலாந்தில் பூனை என்பது அடுப்பங்கரையிலும் தெருவிலும் கிடந்து, சிறுவர்களின் கல்லடி வாங்கும் பிராணி. நாய்க்கும் குதிரைக்கும் இருந்த மதிப்பில் நூறில் ஒரு பங்கும் அதற்கில்லை. அதன் அழகை எல்லோரும் பார்க்கும்படி செய்தால் அதை அன்பாக நடத்துவார்கள் என்று அவர் நம்பினார். 1887-ல் தேசியப் பூனைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1889-ல் பூனைகளைப் பற்றி விரிவான நூலும் எழுதினார். எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த அபூர்வப் பூனைகளுக்கு இணையாக, இங்கிலாந்தின் சாதாரண வீட்டுப் பூனையையும் ஒரு வகையாக நிறுத்தி, அதற்கும் இலக்கணம் வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நான்கு பென்னிப் பூனைக்கு மேடை கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் மேடைக்கு ஒரு குணமுண்டு. ஏறியவரை அது விடாது. சில ஆண்டுகளில் வெயர் தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். கழகத்தின் உறுப்பினர் பலருக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசு வெல்வதே முதன்மையாகிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதினார். அன்பை வளர்க்க அவர் கண்டுபிடித்த கருவியே போட்டியை வளர்த்தது.

அவருக்குப் பின் தலைவரான லூயிஸ் வெயினும் ஓவியரே. மார்பகப் புற்றுநோயில் வாடிய மனைவி எமிலியை மகிழ்விக்க, அடைக்கலமாக வந்த பீட்டர் என்ற கறுப்பு வெள்ளைப் பூனையை வரைந்து வரைந்து காட்டியவர். எமிலி 1887-ல் இறந்தார். பீட்டரின் வழியாக வெயின் புகழ்பெற்றார். பின்னாளில் மனநிலை பாதிக்கப்பட்டு 1924-ல் ஓர் ஏழைகள் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். மறுவருடம் அவர் அங்கிருப்பது தெரியவந்தபோது எச்.ஜி. வெல்ஸ் உள்ளிட்டோர் குரல்கொடுத்து நல்ல இடத்துக்கு மாற்றினர். எமிலியின் படுக்கையில் கிடந்து ஆறுதல் தந்த பீட்டருக்கு எந்த வம்சாவளியும் இல்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதையில் வரும் செஷயர் பூனைக்கு மாதிரி இந்தக் குட்டைமுடிப் பூனைதான் என்று பலரும் எழுதுவதுண்டு. ‘ஆலிஸ்’ வெளியானது 1865-ல். முதல் கண்காட்சிக்கு ஆறு ஆண்டுகள் முன்பு. பதிவுபெற்ற இனம் என்ற ஒன்றே அப்போது இல்லை. எனவே ஜான் டெனியல் வரைந்த அகன்ற முகத்துப் பூனையை ‘இன்ன இனம்’ என்று சொல்வது காலப்பிழை. அவர் சுற்றிலும் பார்த்த சாதாரணப் பூனைகளைப் போன்றதையே வரைந்திருப்பார். அந்தச் சாதாரணப் பூனைக்குத்தான் பின்னால் பெயர் வந்தது.

*

பெயர் வந்த வேகத்தில் மவுசு போயிற்று. 1890-களிலிருந்து நீண்ட மயிருள்ள பாரசீகப் பூனைகள் மேல்தட்டினரின் மோகமாயின. விக்டோரியா அரசியே அவற்றை வளர்த்தார். கண்காட்சிகளில் குட்டைமுடிப் பூனைகள் பின்வரிசைக்குப் போயின. 1910-ல் இனங்களைப் பதிவு செய்வதற்கான பொதுப் பேரவை பிரிட்டனில் உருவானது. நான்கே ஆண்டுகளில் முதல் உலகப்போர். இனப்பெருக்கத்துக்கு வேண்டிய பூனைகள் அருகிவிட, வளர்ப்பாளர்கள் பாரசீகப் பூனைகளோடு கலப்புச் செய்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்தவற்றில் மூன்றாம் தலைமுறைக்குப் பிறகே குட்டைமுடி இனமாக ஏற்போம் என்று பேரவை கட்டுப்பாடு விதித்தது. தூய்மையைக் காக்க எழுந்த அந்த விதி, ஏற்கெனவே குறைந்த எண்ணிக்கையை இன்னும் குறைத்தது.

இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் நடந்தது பிரிட்டிஷ் வரலாறு வெகுநாள் பேசாமலிருந்த ஒன்று. 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, வான்தாக்குதல் காலத்தில் விலங்குகளைக் காப்பதற்கென அரசு ஆதரவில் அமைந்த குழு ஒரு துண்டறிக்கை வெளியிட்டிருந்தது. செல்லப்பிராணிகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் அவற்றை வலியின்றிக் கொல்வதே கருணை என்பது அதன் சாரம். கொல்லும்படி அரசு ஆணையிடவில்லை. ஆனால் மக்கள் தாங்களாகவே விலங்கு மருத்துவர்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள். போரின் முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் நான்கு லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக இந்நிகழ்வை ஆராய்ந்து 2017-ல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் குறிப்பிடுகிறார். அது நகரின் நாய் பூனைகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

அந்த வாரத்தில் லண்டன்மேல் குண்டு எதுவும் விழவில்லை. பெருங்குண்டுவீச்சு தொடங்கியது ஓராண்டு கழித்து, 1940 செப்டம்பரில். கொன்றவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. அன்பாக வளர்த்தவர்களே, அன்பின் பெயராலேயே அதைச் செய்தார்கள். வீட்டில் ஒருவராக இருந்த உயிர், நெருக்கடி வரும் என்ற எண்ணத்திலேயே, எளிதில் நீக்கத்தக்க செலவாக மாறிவிட்டது.

அதே 1940 செப்டம்பரில் புனித பால் பேராலயத்தை அடுத்த ஒரு சிறு தேவாலயத்தில் ஃபெய்த் என்ற வரிப்பூனை இருந்தது. குண்டு விழுவதற்குச் சில நாள் முன்பாகவே அது தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நிலவறையின் மூலைக்குப் போய்விட்டது. தேவாலயம் இடிந்து எரிந்த மறுநாள் இடிபாட்டுக்குள் குட்டியைக் காத்தபடி உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. 1945-ல் விலங்குநல அமைப்பொன்று அதற்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது. தெருவிலிருந்து வந்த பூனை அது.

*

போர் முடிந்தபோது வம்சாவளியுள்ள குட்டைமுடிப் பூனைகள் மிகச்சிலவே எஞ்சியிருந்தன. பங்கீட்டு முறை நடப்பிலிருந்த நாட்டில், பூனைக்கு இறைச்சி எங்கே கிடைக்கும்? எஞ்சியவற்றை வைத்து இனத்தை மீட்க வளர்ப்பாளர்கள் மறுபடியும் பாரசீகப் பூனையையும், ரஷ்ய நீலப் பூனையையும், வம்சாவளியற்ற நல்ல வீட்டுப் பூனைகளையும் கலந்தார்கள். பல்லாண்டு உழைப்பில் இனம் மீண்டது. அமெரிக்காவின் பெரிய பதிவு அமைப்புகள் 1970-களின் இறுதியிலும் 1980-லும் இதற்கு முழு அங்கீகாரம் அளித்தன. பிரிட்டனின் பதிவேட்டில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் முதலிடம் இதற்குத்தான். கறுப்பு நிறம் மரபணுவால் மங்கிச் சாம்பலாவதை வளர்ப்பாளர்கள் ‘நீலம்’ என்பார்கள். அந்த நிறமும் செம்பு நிறக் கண்களும் உருண்டை முகமுமே இன்று இவ்வினத்தின் அடையாளமாகிவிட்டன.

இந்த நீலத்தால் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. பிரான்சின் ஷார்த்ரூ இனமும் இதே நிறமுடையது. கொலெத் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1933-ல் எழுதிய ‘பூனை’ என்ற நாவலில், புதுமணத் தம்பதிக்கு நடுவே வந்து நிற்கும் சாஹா அந்த இனத்துப் பூனையே. 1970-ல் ஐரோப்பியப் பூனைச் சம்மேளனம் இரண்டு இனங்களும் ஒன்றே என்று அறிவித்தது. எதிர்ப்பு எழவே 1977-ல் இரண்டும் வேறு என்று திருத்திக்கொண்டது. ஏழு ஆண்டுகள் அந்தப் பூனைகள் தாம் யாரென்ற குழப்பம் ஏதுமின்றி உண்டு உறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

நம் ஊரில் வம்சாவளி விலங்கை ‘ஜாதி நாய்’, ‘ஜாதிப் பூனை’ என்கிறோம். சொல் தற்செயலாக அமைந்ததல்ல. இனத்தூய்மை என்ற கருத்து எங்கு பிறந்தாலும் அதன் கதை ஒன்றுபோலவே இருக்கிறது: பலவற்றின் கலப்பால் உருவாவது, உருவானபின் கலப்பை மறைப்பது. பதிவேட்டில் கலப்பை மறைக்கலாம். உடலில் மறைக்க முடியாது.

இனத்தை மீட்கக் கொண்டுவந்த பாரசீக இரத்தத்தோடு இரண்டு சீதனங்கள் வந்தன. ஒன்று நீண்ட மயிருக்கான மரபணு. அது ஒடுங்கு பண்பு. இரு பெற்றோரிடமும் மறைந்திருந்தால் குட்டைமுடிப் பெற்றோருக்கு நெடுமுடிக் குட்டி பிறக்கும். இதனால் தீங்கில்லை. மற்றொன்று சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய். பாரசீகப் பூனைகளில் இது பரவலாக இருந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரும். பிறப்பிலேயே இருக்கும் நுண்கட்டிகள் ஆண்டாண்டாய் வளர்ந்து, பெரும்பாலும் நடுவயதுக்குமேல் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். 2004-ல் கலிபோர்னியாவில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தபின், ஒரு சோதனையில் தெரிந்துகொண்டு அத்தகைய பூனையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்க முடிகிறது.

இதயத்தசை தடிக்கும் நோய் இவ்வினத்தின் இன்னொரு சுமை. 329 பூனைகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான டென்மார்க் ஆய்வில் 8.5 விழுக்காட்டுக்கு இந்நோய் இருந்தது. பெண்பூனைகளில் இது 2.1 விழுக்காடு, ஆண்பூனைகளில் 20.4. மெய்ன் கூன், ராக்டால் போன்ற இனங்களில் இதற்கு மரபணுச் சோதனை உண்டு. அந்தச் சோதனைகள் இவ்வினத்துக்குப் பயன்படா. இதயத்தை எக்கோ செய்து பார்ப்பதே வழி.

இரத்தப்பிரிவும் கவனிக்க வேண்டியது. பூனைகளில் ஏ, பி, ஏபி என மூன்று பிரிவுகள் உண்டு. பெரும்பாலான வீட்டுப் பூனைகள் ஏ. இந்த இனத்திலோ பி கணிசமாகக் காணப்படுகிறது. பி பிரிவுப் பூனையின் இரத்தத்தில் ஏ பிரிவுக்கு எதிரான வலிய எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கும். பி பிரிவுத் தாய்க்கு ஏ பிரிவுக் குட்டி பிறந்தால், சீம்பால் வழியாக இறங்கும் அந்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்த அணுக்களை அழிக்கும். முதல்நாள் நன்றாகப் பால் குடித்த குட்டி அடுத்த சில நாளில் வாடி இறந்துபோகும். தாயின் முதற்பாலே நஞ்சாவது இங்கே உருவகமன்று.

ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் அருகே ஒரு பண்ணையில் 1961-ல் காது மடிந்த சூசி என்ற வெள்ளைப் பூனையை வில்லியம் ராஸ் என்ற இடையர் கண்டார். அதன் குட்டியை வளர்த்து, குட்டைமுடிப் பூனைகளோடு இணைத்து ஸ்காட்டிஷ் ஃபோல்ட் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். காதை மடித்த அதே மரபணு உடலின் குருத்தெலும்பு முழுவதையும் பாதித்து மூட்டுகளை இறுகச் செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. 1970-களிலேயே பிரிட்டிஷ் பேரவை அவ்வினத்தின் பதிவை நிறுத்தியது. ஆனாலும் உலகம் அதைக் கொஞ்சுவதை நிறுத்தவில்லை. நாம் ‘அழகு’ என்று பார்ப்பது அந்தப் பூனைக்கு வாழ்நாள் முழுதும் வலி.

*

இந்தப் பின்னணியோடுதான் பராமரிப்பைப் பேச வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டியவை மேற்சொன்ன வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. பெற்றோருக்குச் சிறுநீரகநோய் மரபணுச் சோதனை செய்யப்பட்டதா? இதய எக்கோ எடுக்கப்பட்டதா? இரத்தப்பிரிவு என்ன? இதற்கு விடை சொல்லாமல் நிறத்தையும் கண்ணையும் மட்டும் காட்டுகிறவரிடம் வாங்காதிருப்பதே நன்று. இரத்தப்பிரிவு தெரிந்தால் அதை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட பி பிரிவுப் பூனைக்குத் தவறான இரத்தம் சிறிதளவு ஏற்றினாலும் உயிருக்கு ஆபத்து.

இவ்வினம் மெல்ல வளர்வது. முழு உருவம் பெற மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஆண் ஏழு கிலோவைத் தாண்டலாம். பெண் பெரும்பாலும் ஐந்துக்குள். ஓடியாடுவதில் பெரிய நாட்டமில்லை. அறுவை செய்து கருத்தடை செய்தபின் நாட்டம் இன்னும் குறையும், பசி குறையாது. கிண்ணத்தில் எந்நேரமும் உணவை நிரப்பிவைக்கும் வீட்டில் இது பூசணியாகிவிடும்; பின்னாலேயே நீரிழிவும் மூட்டுவலியும் வரும். அளந்து வைத்த உணவும், காலையிலும் மாலையிலும் பத்து நிமிட விளையாட்டும், மாதமொரு முறை எடைபார்ப்பதும் பெரிய மருத்துவம்.

பூனை புலாலுண்ணி. நம் வீடுகளில் தயிர்ச்சோறும் பாலும் வைத்து வளர்ப்பது வழக்கம். வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று தன் குறையைத் தானே தீர்த்துக்கொண்ட நாட்டுப்பூனைக்கு அது செல்லும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குச் செல்லாது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் இதயம் தளர்ந்து விரியும் என்பதை 1987-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் நிறுவினர். அதன்பின் உணவுத் தயாரிப்பாளர்கள் அதன் அளவைக் கூட்டினர். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. படிகமாளிகையில் வெயர் கண்ட பாற்கிண்ணம் படத்துக்கு அழகு, அவ்வளவே. தண்ணீர்தான் அதற்கு வேண்டியது. காய்ச்சலுக்கென்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. லில்லி மலரின் மகரந்தமும் அப்படியே.

அடர்ந்த மயிரை வாரம் ஒருமுறையாவது சீவிவிட வேண்டும். உதிரும் பருவத்தில் அடிக்கடி. குளிர்நாட்டுக்கென்று அமைந்த இந்தப் போர்வையை அணிந்து சென்னையின் மே மாதத்தைக் கழிப்பது எளிதன்று. நிழலும் காற்றும் குளிர்ந்த தரையும் இல்லாத வீட்டில் இதை வளர்ப்பது பொருத்தமில்லை. மண் தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். 1947-ல் மிச்சிகனில் எட் லோ என்பவர், சாம்பலுக்குப் பதிலாக உறிஞ்சும் களிமண்ணைப் பூனை வளர்க்கும் அண்டைவீட்டுப் பெண்மணிக்குக் கொடுத்தார். பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வாழ வழிசெய்தது அந்தக் களிமண். உள்ளே வந்த பூனைக்கு வெளியின் ஆபத்துகள் குறைந்தன. வெளியின் வேலையும் போயிற்று. அந்த வேலையின் இடத்தை நிரப்புவது இப்போது நம் பொறுப்பு.

இனி இதன் குணம். தூக்கிக் கொஞ்சுவதை இது பெரும்பாலும் விரும்பாது. நான்கு கால்களும் தரையில் இருக்கவேண்டும் இதற்கு. மடியில் ஏறாது, அருகில் அமரும். அறைக்கு அறை பின்னாலேயே வரும். குழந்தைகளைப் பொறுத்துக்கொள்ளும், விருந்தாளிகளைச் சகித்துக்கொள்ளும், அதிகம் கத்தாது. ‘எந்தத் தொந்தரவும் தராத பூனை’ என்று இதை விற்கிறவர்கள் சொல்வது உண்மைதான்.

அந்த உண்மைக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழாத பிள்ளை. பொதுவாகவே பூனைகள் வலியை மறைப்பவை. காட்டில் பலவீனத்தைக் காட்டியது பிழைக்காது. அதிலும் இயல்பிலேயே சாதுவான பூனை நோயுற்றால் இன்னும் சற்று அதிகமாகத் தூங்கும், அவ்வளவுதான். வீட்டார் ‘அதன் சுபாவமே அப்படி’ என்பார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை நிறுத்திவிட்டதா, படுத்திருக்கும்போது மூச்சு வேகமாக ஏறி இறங்குகிறதா, எடை சத்தமின்றிக் குறைகிறதா என்று நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டுவதும், வயதேறினால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதிப்பதும் செல்லம் கொடுப்பதல்ல. நாம் அந்த உடலுக்குள் வைத்துவிட்ட வரலாற்றுக்கு நாம் செலுத்தும் வட்டி.

ஹவெல் தாவின் சட்டம் பூனைக்கு நான்கு பென்னி விலை வைத்தது. அதற்கு மாற்றாகப் பூனை என்ன செய்யவேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னது. அதில் ஒரு நேர்மை இருந்தது. இன்று பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பூனையிடம் எலி பிடிக்கச் சொல்வதில்லை. அது வீட்டில் இருந்தால் போதும் என்கிறோம். அப்படியானால் ஒப்பந்தத்தின் கடமைகள் எல்லாம் இப்போது நம் பக்கத்தில்தான். 1939-ல் லண்டனில் வரிசையில் நின்றவர்களும் தம் பூனைகளை நேசித்தவர்களே. நேசிக்கிறோம் என்பது மட்டும் போதாது என்பதற்கு அதைவிட வலிய சான்று வேண்டியதில்லை.